டானின் தோளுக்குப் பின்னால்

'தி காட்ஃபாதர்' படத்தின் முதல் ஷாட்டில் கேமரா நகர்வதில்லை. 'கேமரா மெல்லப் பின்வாங்குகிறது' என்று பலரும் எழுதுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித்தான் படும். உண்மையில் வேலை செய்வது லென்ஸ். கேமரா முதல் நொடியில் எங்கே ஊன்றப்பட்டதோ அங்கேயேதான் இருக்கிறது. டிராலிக்கும் ஜூமுக்கும் உள்ள வித்தியாசம் ஒளிப்பதிவாளர்களின் கவலை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்தக் காட்சியின் பலமும், அதன் மேல் எனக்கிருக்கும் புகாரும் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன.

ஒற்றை டிரம்பெட்டில் நீனோ ரோட்டாவின் மெட்டு ஒலித்து ஓய்கிறது. திரை கறுப்பு. இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், இத்தாலிய வாடை அடிக்கும் ஆங்கிலத்தில், தனக்கு அமெரிக்காவின் மேல் நம்பிக்கை உண்டு என்று சொல்கிறது. பிறகுதான் முகம் புலப்படுகிறது. வழுக்கைத் தலை, மீசை, கறுப்புக் கோட்டு, நெற்றியில் மேலிருந்து விழும் மஞ்சள் வெளிச்சம். அந்த முகத்தைச் சுற்றி அறை இல்லை, சுவர் இல்லை, ஒன்றுமே இல்லை. அமெரிகோ பொனசெரா என்ற அந்த மனிதர் தன் மகளின் கதையைச் சொல்கிறார். அமெரிக்க வழக்கப்படி வளர்த்த பெண், ஒரு பையனோடு பழகினாள், அவனும் அவன் நண்பனும் குடிக்க வைத்துப் பலவந்தம் செய்யப் பார்த்தார்கள், அவள் இடம் கொடுக்கவில்லை, அடித்து நொறுக்கிவிட்டார்கள். மூக்கு உடைந்து, தாடை கம்பி போட்டுக் கட்டப்பட்டு, வலியில் அழக்கூட முடியாமல் கிடந்தவளைப் பார்த்துவிட்டு நல்ல குடிமகனாகப் போலீசுக்குப் போனார். மூன்றாண்டுச் சிறை என்று தீர்ப்புச் சொன்ன நீதிபதி அதே மூச்சில் தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார். அன்றைக்கே வெளியே வந்த இருவரும் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் ஃப்ரேம் விரிந்துகொண்டே போகிறது. விரிகிறது என்பதே முதலில் தெரிவதில்லை. தோள்கள் வருகின்றன, உட்கார்ந்திருக்கும் நாற்காலி வருகிறது, மேசையின் விளிம்பு வருகிறது. அப்புறம் ஃப்ரேமின் ஓரத்தில் இருட்டாக ஏதோ ஒன்று. பின்மண்டை, தோள், கடைசியில் ஒரு கை. ஏறக்குறைய மூன்று நிமிடம் வெட்டே இல்லை. இவ்வளவு மெதுவாக, துளி ஆட்டமில்லாமல், ஒரே சீராக ஜூமைக் கையால் இழுப்பது சுலபமில்லை. அதற்காகவே, நேரத்தைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிட்டு இயக்கும் ஜூம் லென்ஸைப் பயன்படுத்தினார்கள். 1971இல் அது புதுச் சரக்கு.

டிராலியில் கேமராவைப் பின்னுக்கு இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொருள்கள் நம்மைக் கடந்து போகும், முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் உள்ள விகிதம் மாறும், நாம் பொனசெராவிடமிருந்து விலகி, எதிரே இருக்கும் மாஃபியா தலைவர் டான் விட்டோ கொர்லியோனியின் பக்கம் போய்ச் சேர்ந்தோம் என்று உடம்புக்குத் தெரியும். ஒரு பயணம் நடந்திருக்கும். ஜூமில் பயணம் கிடையாது. பார்வைக் கோணம் மட்டும் அகலமாகிறது. அதனால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குத் தெரியவருவது, நாம் டானின் பின்னால் வந்து சேர்ந்துவிட்டோம் என்பதல்ல. தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறோம் என்பது. அந்த முகத்தை நெருக்கத்தில் பார்த்து இரங்கியபோதும் மேசைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம். அவர் நம்மிடம் பேசுவதாக நினைத்தோம். அவர் மனு கொடுத்துக்கொண்டிருந்தார். நாம் மனு வாங்குபவரின் ஆட்களில் ஒருவர்போல ஓரமாக நின்றுகொண்டிருந்தோம்.

தாதா படங்களின் வரலாற்றில் இதற்கு நிகரான தொடக்கம் அதிகமில்லை. 1932இல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'ஸ்கார்ஃபேஸ்', கொலைகாரனை முதலில் சுவரில் நகரும் நிழலாகக் காட்டியது. அதுவும் நீண்ட ஷாட்தான், அருமையான ஷாட். ஆனால் அங்கே நாம் வெளியே நின்று ஒரு குற்றவாளியைப் பார்க்கிறோம். போதாததற்கு, கும்பல் ஆட்சியைக் கண்டித்துப் படத்தின் முகப்பில் எழுத்து வேறு போட்டிருந்தார்கள். 'காட்ஃபாதர்' இயக்குநர் கொப்போலா அந்த வெளியிடத்தை முதல் ஷாட்டிலேயே எடுத்துவிடுகிறார். பார்வையாளருக்குக் கிடைக்கும் ஒரே நாற்காலி டானின் அறைக்குள்தான்.

மரியோ பூசோவின் 1969 நாவல் இங்கிருந்து தொடங்கவில்லை. அதில் பொனசெரா முதலில் நியூயார்க் குற்றவியல் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்பு நம் கண்முன் நடக்கிறது. அதன் பிறகுதான் டானின் மகளுடைய கல்யாண வீடு. கொப்போலாவின் முதல் வரைவோ நேரே கல்யாணத்தில் தொடங்கியது. அதைப் படித்த நண்பர் ஒருவர், நீ எழுதிய 'பேட்டன்' படத்துக்கு அவ்வளவு வித்தியாசமான தொடக்கம் அமைந்ததே, இதற்கும் அப்படி ஒன்று யோசிக்கக் கூடாதா என்று கேட்டதால்தான் பொனசெரா முன்னுக்கு வந்தார் என்று கொப்போலாவே சொல்லியிருக்கிறார். 1970இல் வந்த 'பேட்டன்' படத்தில், திரை முழுக்க விரிந்த அமெரிக்கக் கொடியின் முன் நின்று ஜார்ஜ் சி. ஸ்காட் கண்ணுக்குத் தெரியாத படைவீரர்களிடம் உரையாற்றுவார். நாம் சிப்பாய்களின் இடத்தில் உட்கார்ந்து கேட்போம். இரண்டும் ஒரே உத்தி, ஒருவர் பேச நாம் கேட்கிறோம். நாற்காலி மட்டும் மாறிவிட்டது. அங்கே கட்டளை வாங்குகிற இடம், இங்கே கட்டளை போடுகிற இடம்.

நீதிமன்றத்தைக் கதாபாத்திரத்தின் வாய்க்குள் தள்ளியதால் படத்துக்குப் பெரிய லாபம். இருட்டறைக்கு வெளியே நாடு ஒன்று இருக்கிறது, சட்டம் இருக்கிறது என்பதெல்லாம் செவிவழிச் செய்தியாகிவிடுகிறது. நீதிபதிக்கு முகம் கிடையாது. அவர் ஏன் அப்படித் தீர்ப்பளித்தார் என்று கேட்க ஆளில்லை. பொனசெரா சொன்னதுதான் சாட்சியம், அதற்குக் குறுக்கு விசாரணை கிடையாது. திரைக்கதை என்ற அளவில் இது கச்சிதம். ஆனால் அரசு தோற்றது என்பதைக் காட்டாமல் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒளியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்குகளைத் தலைக்கு மேலே கட்டினார். டாப் லைட் நெற்றியில் விழும், மூக்கில் விழும், கண்குழிகள் கறுத்துப்போகும். நடிகரின் கண் தெரிய வேண்டும் என்பது அன்றைய ஹாலிவுட்டில் எழுதாத சட்டம். பாரமவுண்ட் அதிகாரிகள் ரஷ் பார்த்துவிட்டுக் கலங்கினார்கள். சக ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹால் வைத்த 'இருளின் இளவரசர்' என்ற பட்டம் வில்லிஸுக்கு நிலைத்துவிட்டது. இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. கௌரவ ஆஸ்கர் கொடுத்து அகாடமி கணக்கைத் தீர்த்தது 2009இல்தான்.

டானின் கண்ணை மறைத்தது அவர் உள்ளத்தை மறைப்பதற்கு என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். காரணம் இன்னும் சாதாரணமானது. டானாக நடித்த மார்லன் பிராண்டோவுக்கு அப்போது 47 வயது. டிக் ஸ்மித் ஒப்பனை போட்டு, தாடைக்குள் பல்மருத்துவர் செய்த ஒரு சாதனத்தை மாட்டி அவரை முதியவராக்கியிருந்தார்கள். முன்னிருந்து வெளிச்சம் அடித்தால் பூச்சு காட்டிக்கொடுத்துவிடும். மேலிருந்து அடித்தால் சுருக்கங்கள் ஆழமாகும், தாடை தொங்கும், வயது கூடும். பிராண்டோவுக்காக மேலே போன விளக்கு, பிறகு படம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டது. இதைச் சொல்வதால் அந்த ஒளியின் அர்த்தம் குறைந்துவிடாது. செட்டில் ஒரு சிக்கலைத் தீர்க்கப் போட்ட வெளிச்சம் திரையில் ஒரு குணமாக மாறுகிறது. சினிமாவில் நல்ல விஷயங்கள் பல இப்படித்தான் வருகின்றன. எரிச்சலூட்டுவது வேறு. இதற்குப் பின் வந்த எத்தனையோ தாதா படங்கள் அறையை இருட்டாக்கி, ஜன்னல் பட்டைகளின் வழியே கொஞ்சம் புகையைவிட்டால் கனம் வந்துவிடும் என்று நம்பியதுதான். வில்லிஸின் இருட்டு வெறும் இருட்டு அல்ல. முகத்தின் எந்தப் பகுதி எப்போது தெரிய வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. பொனசெரா அழும்போது அவர் கன்னம் பளபளக்கும் அளவுக்கு வெளிச்சம் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதுகூட இல்லை.

ஒரு நடைமுறைக் குறையையும் சொல்ல வேண்டும். விளிம்புவரை போய் எடுத்த இந்தப் படப்பதிவு மங்கலான பிரதிகளில், பழைய டிவிகளில், வீடியோ கேசட்டில் கறுப்புச் சேறாகிவிடும். ராபர்ட் ஹாரிஸ் வில்லிஸின் ஆலோசனையோடு படத்தை மீட்டெடுத்து, அது 2008இல் வெளிவந்த பிறகுதான் அந்தப் பழுப்புக்குள் எத்தனை படிநிலைகள் இருக்கின்றன என்று வீட்டில் பார்த்தவர்களுக்கு விளங்கியது. அதற்கு முன் அந்த ஒளிப்பதிவைப் புகழ்ந்த நம்மில் பலர் காட்சியில் பாதியைப் பார்க்காமலேயே புகழ்ந்திருக்கிறோம்.

ஒளியைவிட என்னைக் கவர்வது அந்தக் கை. பொனசெரா குரல் உடைந்து அழுகிறார். ஃப்ரேமின் ஓரத்தில் தெளிவில்லாமல் இருக்கும் உருவத்திலிருந்து கை லேசாக அசைகிறது. உடனே யாரோ வந்து ஒரு சின்னக் கோப்பையில் மது கொடுக்கிறார்கள். படத்தில் டானின் முதல் கட்டளை இதுதான். முகம் தெரியவில்லை, குரல் வரவில்லை, வார்த்தை இல்லை. அதிகாரத்தை விளக்க ஆயிரம் வசனம் எழுதுபவர்கள் இந்த நான்கு விரல் அசைவை ஒருமுறை பார்க்கலாம். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கண் எப்போதும் இந்தக் கையின் மேல் இருக்கிறது, கையும் அதை எதிர்பார்க்கிறது. மூன்று தகவல்கள் ஒரே அசைவில்.

பிறகு ரகசியம். கேள், என்ன வேண்டும் என்று டான் கேட்க, பொனசெரா எழுந்து வந்து காதில் சொல்கிறார். நமக்குக் கேட்பதில்லை. அவ்வளவு நேரம் எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொண்டிருந்த நமக்கு, முக்கியமான வரி மட்டும் மறுக்கப்படுகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் முதன்முதலாக வெட்டு விழுந்து டானின் முகத்துக்கு வருகிறோம். அது என்னால் ஆகாது என்கிறார். எது ஆகாது? கேட்டது கொலை என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவர் வாயாலேயே வருகிறது. அதாவது டானை நேருக்கு நேர் சந்திக்கும் கணத்தில் அவர் ஒன்றை மறுத்துக்கொண்டிருக்கிறார். மறுத்தது கொலையை. ஒரு கொலைகாரக் கூட்டத்தின் தலைவரை அறிமுகப்படுத்த இதைவிட நயமான வழி கிடையாது. நயம் என்பதை இங்கே நான் முழுப் பாராட்டாகச் சொல்லவில்லை.

பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டூடியோவில் திரிந்துகொண்டிருந்த பூனையைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் பிராண்டோவின் கையில் கொடுத்தார் கொப்போலா. அது மடியில் சுகமாகப் படுத்து உறுமிய உறுமலில் வசனமே அமுங்கிப்போய், டப்பிங்கில் சரிசெய்ய வேண்டியதாயிற்று. உள்ளே இழுத்துக்கொண்ட நகம், பதுங்கும் புலி என்றெல்லாம் இதற்கு விளக்கம் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடில்லை. பூனை செய்யும் வேலை கண்ணால் பார்க்கக்கூடியது. ஒரு பெண்ணின் தாடை உடைந்த கதையைக் கேட்ட கை, பூனையின் கழுத்தை வருடிக்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லை. பொனசெரா எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டதும் டான் எழுந்து பூனையை மேசைமேல் இறக்கிவிடுகிறார். விளையாட்டு முடிந்தது என்று நமக்குத் தெரிகிறது. எந்தக் குறியீட்டையும் அவிழ்க்கத் தேவையில்லாத நடிப்பு.

முதல் வெட்டுக்குப் பிறகு பேச்சு வழக்கமான ஷாட், எதிர்ஷாட்டாகவே போகிறது. ஜன்னலோரம் டானின் மூத்த மகன் சன்னி, இன்னொரு பக்கம் குடும்ப ஆலோசகர் டாம் ஹேகன். டானின் குறை பணத்தைப் பற்றியதல்ல, மரியாதையைப் பற்றியது. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு காபிக்குக் கூப்பிட்டதுண்டா, என் மனைவி உன் மகளுக்கு ஞானத்தாய் அல்லவா, போலீசிடம் போய்விட்டு இப்போது இங்கே வருகிறாயே என்கிறார். நம் ஊர்ப் பெரிய வீடுகளின் கோபம் இப்படித்தான் இருக்கும் என்பதால் தமிழ்ப் பார்வையாளருக்கு இந்தப் பகுதி விளக்கமே இல்லாமல் புரிகிறது. பொனசெரா பணிந்து கையை முத்தமிட்டு, அழைக்க வேண்டிய பெயரால் அழைத்துவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு, இந்த வேலையை நிதானம் தவறாத ஆட்களிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பிணக்கடைக்காரர் என்ன நினைத்தாலும் நாம் கொலைகாரர்கள் இல்லை என்று சொல்லியபடி கோட்டிலிருக்கும் ரோஜாவை முகர்கிறார் டான். பொனசெரா செய்யும் தொழில் அந்த ஒரு சொல்லில்தான் நமக்குத் தெரிகிறது. அந்தக் கடன் எப்படி வசூலாகும் என்பதும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

உடனே கல்யாணத் தோட்டம். வெயில் கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு வில்லிஸ் வெளிச்சத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். பாண்டு வாத்தியம், நடனம், குழந்தைகள். ஸ்டேட்டன் தீவில் எடுத்த இந்தத் திருவிழாவும் ஸ்டூடியோ அறையின் இருட்டும் மாறி மாறி வரும் அந்த 25 நிமிடம் திரைப்படக் கல்லூரிகளில் போதுமான அளவு அலசப்பட்டிருக்கிறது. நான் கடந்து போகிறேன்.

இனி புகார். அந்த இரண்டு பையன்கள் என்ன ஆனார்கள்? நாவலில் பூசோ அதை எழுதியிருக்கிறார். டானின் அடியாள் பாலி கட்டோ ஆட்களை வைத்து அவர்களை அடிக்கும் இடம் விரிவாகவே வரும். படிக்கும்போது நீதி கிடைத்த திருப்தியோடு ஒரு குமட்டலும் வரும். படத்தில் அந்தக் காட்சி இல்லை. டான் உத்தரவு போட்டார், நாம் கல்யாணத்துக்குப் போய்விட்டோம். எந்த எலும்பு எத்தனை துண்டானது என்று யாரும் சொல்வதில்லை. இந்தப் படத்தில் டான் வழங்கும் முதல் நீதி ஒரு வாக்குறுதியாகவே நின்றுவிடுகிறது, அதனால்தான் அவ்வளவு தூய்மையாக இருக்கிறது. ஜூம் லென்ஸ் நம்மை டானின் தோளுக்குப் பின்னால் உட்கார வைத்தது. அங்கிருந்து மனுதாரர் தெரிவார், தண்டனை பெறுபவர் தெரியமாட்டார். டானுக்கும் தெரியாது. அவருக்கு அது தெரிய வேண்டியதில்லை என்பதுதான் அவருடைய அதிகாரம். நமக்கும் தெரிய வேண்டியதில்லை என்று படம் முடிவு செய்வது எப்படிச் சரியாகும்?

பணத்தின் கதையும் அப்படித்தான். இந்த அறையில் பணம் பற்றிய பேச்சு வருவதே அது மறுக்கப்படுவதற்குத்தான். தெருமுனைக் கடைக்காரர் வாரா வாரம் கட்டும் கப்பத்தில் இந்த மேசையும் நாற்காலியும் வாங்கப்பட்டிருக்கலாம் என்ற நினைப்பு வர இடமே இல்லை. 'மாஃபியா' என்ற சொல்லையே திரைக்கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இத்தாலிய அமெரிக்கர்களின் பெயரைக் கெடுக்கிறது என்று எதிர்ப்புத் தெரிவித்த அமைப்போடு தயாரிப்பாளர் ஆல் ரட்டி செய்துகொண்ட சமரசம் அது. அந்த அமைப்பை நடத்திய ஜோ கொலம்போ, நியூயார்க்கின் ஐந்து மாஃபியா குடும்பங்களில் ஒன்றின் தலைவர். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1971 ஜூனில் அவரைத் தன் பொதுக்கூட்டத்திலேயே சுட்டார்கள். இந்த அறையில் குடும்பம், நட்பு, மரியாதை ஆகிய சொற்கள் மட்டும் புழங்குவதற்கு எழுத்தாளரின் நுட்பம் மட்டும் காரணமில்லை.

பெண்ணின் விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொனசெராவின் மகளைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. அவள் பெயரும் நமக்குத் தெரியாது. அவளுடைய உடைந்த தாடை, அப்பாவின் கண்ணீராக நமக்கு வந்து சேர்கிறது. அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள் என்பது அப்பாவுக்குப் பெருமை. அங்கிருந்து பேச்சு இரண்டு ஆண்களுக்கு நடுவில் யார் யாரை மதித்தார்கள் என்பதற்குப் போய்விடுகிறது. காட்சி முடியும்போது தீர்ந்திருப்பது டானின் மனத்தாங்கல். ஜூம் விரிய விரிய அவள் சிறுத்துக்கொண்டே போகிறாள் என்று சொல்லலாம். ஆனால் அவள் ஃப்ரேமுக்குள் இருந்ததே இல்லை.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'குட்ஃபெல்லாஸ்' 1990இல் வந்தது. அதன் தொடக்கத்தை இதற்கு வேண்டுமென்றே கொடுத்த பதில் என்று சொல்லத் தோன்றும். இரவு, நெடுஞ்சாலை, காரின் டிக்கியிலிருந்து தட்டும் சத்தம். மூவர் இறங்கித் திறக்கிறார்கள். உள்ளே ரத்தத்தில் நனைந்த ஒருவன் சாகாமல் கிடக்கிறான். ஒருவன் சமையல்கட்டுக் கத்தியால் குத்துகிறான், இன்னொருவன் சுடுகிறான். மூன்றாமவன் பின்விளக்கின் சிவப்பு முகத்தில் விழ டிக்கியைச் சாத்துகிறான். அவன் முகத்தில் படம் உறைய, சின்ன வயதிலிருந்தே தனக்கு கேங்ஸ்டராக ஆசை என்று அவன் குரல் சொல்கிறது. பின்னாலேயே டோனி பென்னட்டின் துள்ளல் பாட்டு. இங்கேயும் நாம் குற்றவாளிகளின் பக்கம்தான் நிற்கிறோம். ஆனால் நுழைவுக் கட்டணத்தை வாசலிலேயே வாங்கிவிடுகிறார் ஸ்கோர்செசி. அந்த டிக்கியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்துவரும் கோட்டு சூட்டையும் விருந்தையும் ரசிக்க வேண்டும். கொப்போலா கட்டணத்தைத் தள்ளிப்போடுகிறார்.

தள்ளிப்போடுகிறார் என்றுதான் சொன்னேன், தள்ளுபடி செய்கிறார் என்று சொல்லவில்லை. படத்துக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கல்யாணத் தோட்டத்தில் டானின் இளைய மகன் மைக்கேல் தன் காதலி கேயிடம் ஒரு கதை சொல்கிறான். ஒரு பாடகனை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க மறுத்த இசைக்குழு முதலாளியின் தலையில் துப்பாக்கியை வைக்கச் சொல்லி, காகிதத்தின் மேல் உன் மூளை இருக்கும் அல்லது உன் கையெழுத்து இருக்கும் என்று அப்பா சொன்ன கதை. இருட்டறையில் 'நட்பு' என்று ஓடிய பேச்சுக்குப் பொருள் என்ன என்பது பட்டப்பகலில், வெளியாளான ஒரு பெண்ணிடம், பச்சையாகச் சொல்லப்படுகிறது. இது சாதாரண ஏற்பாடு அல்ல. அதேபோல் அன்றைய மணப்பெண், டானின் மகள் கோனி. அடுத்தவர் மகளுக்காக நீதி வழங்கப்பட்ட நாளில் திருமணமான அவளை, புருஷன் பெல்ட்டால் அடிக்கிறான். அடி வாங்கிய தங்கைக்காக ஆவேசத்தோடு கிளம்பும் சன்னி சுங்கச்சாவடியில் சல்லடையாகிறான். அந்த உடலைத் தாய் பார்க்கும்படி சரிசெய்து தரச் சொல்லித்தான் டான் பொனசெராவிடம் போய் நிற்கிறார். முதல் காட்சியில் போட்ட முடிச்சு இவ்வளவு கோரமாக அவிழ்கிறது என்றால், அந்த அறையின் நீதியைப் படம் நம்பிவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆனாலும் கணக்கு எனக்கு முழுதாக நேராகவில்லை. மைக்கேலின் கதையும் வாயால் சொன்ன கதைதான். சிதைந்த உடலை நாம் கடைசியில் பார்க்கும்போது அது டானின் மகனுடையது, அழுவதும் டான். வன்முறையின் கணக்கை யார் தீர்த்தாலும் துயரத்தின் க்ளோசப் இந்தக் குடும்பத்துக்கே கிடைக்கிறது. முதல் ஷாட்டில் நமக்குக் கொடுத்த நாற்காலியை மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. நான் அந்தக் காட்சியை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கிறவன், அதன் சுகம் தெரியும். அந்தச் சுகம் எங்கே உட்கார்ந்து அனுபவிப்பது என்பதும் தெரிகிறது.

இந்தத் தொடக்கத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொப்போலாவே ஒருமுறை காட்டிவிட்டார். 1977இல் என்பிசி தொலைக்காட்சிக்காக முதல் இரண்டு பாகங்களையும் கால வரிசைப்படி மறுபடி அடுக்கினார்கள். அந்த வடிவம் சிசிலியில் தொடங்குகிறது. அப்பாவை இழந்த சிறுவன் விட்டோ, அண்ணனையும் தாயையும் இழந்து கப்பலேறி நியூயார்க் வந்து, குடித்தனக்காரர்களை உருட்டி மிரட்டும் ஒருவனைக் கொன்று பெரிய ஆளாகிறான். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பொனசெரா வருகிறார். ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை, ஜூமும் அதே ஜூம்தான். ஆனால் ஓரத்தில் மெல்ல வரும் அந்தத் தோள் யாருடையது என்று நமக்கு முன்பே தெரியும். அவர் மேல் இரக்கமும் தயாராக இருக்கிறது. காட்சி செத்துவிடுகிறது. அறிமுகமே இல்லாத ஒருவரின் பின்னால் நம்மை நிற்கவைத்து, எந்தக் காரணமும் சொல்லாமல் அவர் பக்கம் சாய்ப்பதுதான் மூலப்படத்தின் துணிச்சல்.

தமிழில் இந்தப் படத்தோடு உண்மையான உறவுள்ளது மணிரத்னத்தின் 'நாயகன்'. 1987இல் வந்தது. பம்பாய் தாதா வரதராஜ முதலியாரின் வாழ்க்கையும் கொப்போலாவின் படமும் அதில் கலந்திருக்கின்றன. பி.சி. ஸ்ரீராமின் மேல்வெளிச்சத்திலும் பழுப்பிலும் வில்லிஸின் பாடம் தெரியும். தேசிய விருது பெற்ற அந்த ஒளிப்பதிவு நகல் எடுத்த வேலை அல்ல. தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவிக்குள் அந்த ஒளிக்கு வேறு உஷ்ணம் வந்துவிட்டது. ஆனால் தொடக்கத்தில் மணிரத்னம் போனது மூலப்படத்தின் வழியில் அல்ல, தொலைக்காட்சி வடிவத்தின் வழியில். தொழிற்சங்கத் தலைவரின் பையனை ஏமாற்றிப் பின்தொடர்ந்து போலீஸ் அப்பாவைச் சுடுகிறது. பையன் போலீஸ்காரரைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிறான். அந்தப் பையன் வேலு ஏன் நாயக்கரானார் என்பதற்கான காரணம் முதலிலேயே நம் கையில் கொடுக்கப்படுகிறது. கொப்போலா கேட்காமல் வாங்கிய ஆதரவை மணிரத்னம் காரணம் காட்டி வாங்குகிறார்.

இதைத் தமிழ் மெலோடிராமாவின் பலவீனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை முன்வைத்தவர் அதற்குக் கணக்குக் காட்டவும் கடமைப்படுகிறார். அதனால்தான் 'நாயகன்' தன் டானை மகளிடம் பதில் சொல்ல நிறுத்துகிறது, முதுமையில் பேரன் வாயால் நல்லவரா கெட்டவரா என்று நேரடியாகக் கேட்கவைக்கிறது, தெரியவில்லை என்று அவரைச் சொல்லவும் வைக்கிறது. விட்டோ கொர்லியோனியிடம் அப்படி ஒரு கேள்வியை அவருடைய பேரன் கேட்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. தக்காளித் தோட்டத்தில் பேரனோடு விளையாடியபடியே அவர் இறந்துபோகிறார். ஒளியிலும் நடிப்பிலும் எடிட்டிங்கிலும் 'நாயகன்' அந்தப் படத்துக்கு மாணவன்தான். தன் தலைவனைக் கேள்வி கேட்கும் விஷயத்தில் மட்டும் மாணவன் கொஞ்சம் கூடுதலாக வாய் திறந்திருக்கிறான்.